முன்வரிசையில் ஒரு காலி நாற்காலி

சனிக்கிழமை காலையில் கதவைத் தட்டியது பால்காரன் என்றுதான் நெபியா நினைத்தாள். திறந்தால் கணவனின் அண்ணன் லக்தர் நின்றான்.

கையில் எண்ணெய் ஊறிய காகிதப் பொட்டலம். உள்ளே எண்ணெயில் பொரித்த மாவு வளையங்கள், சுடச்சுட ஸ்ஃபெஞ். தம்பி வீட்டுக்கு லக்தர் பலகாரத்தோடு வந்தால் கூடவே ஒரு யோசனையும் வரும். பலகாரம் எவ்வளவு சூடோ, யோசனை அவ்வளவு கேவலமாக இருக்கும்.

“எங்க அவன்?”

“சாப்பிடறாரு. வாங்க மச்சான்” என்று வழிவிட்டாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்புவரை அந்தத் தம்பி மிலூத் ஓரான் நகரத்தின் செல்லப்பிள்ளை. நாட்டின் குத்துச்சண்டைச் சாம்பியன். எல் ஹம்ரி கடைத்தெருவில் அவன் மீன் வாங்கினால் மீன்காரன் எடை போடமாட்டான், அள்ளிக் கொடுப்பான். கான்ஸ்தந்தீனிலிருந்து வந்த ஸுபீர் என்ற பையன் இரண்டாவது சுற்றிலேயே அவனை மல்லாத்திய அன்றோடு அதெல்லாம் முடிந்தது. மறுநாள் காலையில் லக்தர் தன் காபிக் கடைச் சுவரிலிருந்து தம்பியின் படத்தைக் கழற்றினான். அதே ஆணியில் ஒரு ஃபுட்பால் டீமின் போஸ்டரை மாட்டினான். பெரிய மனசு பண்ணித் தம்பிக்கு வேலையும் கொடுத்தான். கடைக்குப் பின்னால் சோடாப் பெட்டி இறக்கும் வேலை. வாடிக்கையாளர் கண்ணில் படக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை.

இப்போது ஸுபீரோடு மோத வேண்டியவன் பயிற்சியில் கையை உடைத்துக்கொண்டான். அவசரத்துக்கு ஒரு பெயர் வேண்டும். மிலூத்தைக் கூப்பிட்டார்கள்.

“வெட்ட ஆடு கிடைக்கல. கிழட்டு ஆடானாலும் பரவாயில்லைன்னு கூப்பிடறாங்க” என்று நெபியா அன்றே சொன்னாள்.

மிலூத் சிரித்தான். முப்பத்தாறு வயதில் இதுதான் கடைசி, சத்தியமாகக் கடைசி என்றான். வாரத்தின் முதல் வேலை நாளான நாளை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் வேலை பார்க்கும் டிரைவிங் ஸ்கூலில் அவனும் சேர்கிறான். லாரி ஓட்டக் கற்றுத்தர முதலாளிக்கு ஆள் வேண்டியிருந்தது. எல்லாம் பேசி முடித்தாயிற்று. இன்றைக்கு ஒரு நாள் தாண்ட வேண்டும்.

லக்தர் தம்பிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பொட்டலத்தைப் பிரித்து அவன் பக்கம் நகர்த்தினான்.

“தம்பி, எனக்கு வேண்டிய டாக்டர் ஒருத்தர் இருக்காரு. காய்ச்சல்னு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துடுவாரு. யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது.”

மிலூத் அவித்த முட்டையை மென்றான்.

“யாருக்குக் காய்ச்சல்?” என்று நெபியா கேட்டாள்.

“நான் அவன்கிட்ட பேசிக்கிட்டிருக்கேன்.”

“அவர் வாயில முட்டை இருக்கே மச்சான். அதான் நான் கேட்டேன்.”

“குடும்பப் பேருன்னு ஒண்ணு இருக்கும்மா. போன தடவை இவன் விழுந்தான். ஒரு மாசம் என் கடைக்கு வந்தவன் போனவனெல்லாம் ‘லக்தர், உன் தம்பி எழுந்துட்டானா?’ன்னு கேட்டுட்டுத்தான் காபியையே வாயில வச்சான். நான் என்ன பதில் சொல்றது?”

“எழுந்துட்டான், பின்பக்கம் என் பெட்டியைத் தூக்கிக்கிட்டிருக்கான்னு சொல்லியிருக்கலாமே.”

லக்தரின் காது மடல் சிவந்தது. தம்பியைப் பார்த்தான். மிலூத் இரண்டாவது முட்டையை உரித்துக்கொண்டிருந்தான். ஓடு ஒரே துண்டாக வந்தது.

“அப்ப இன்னைக்கு நீங்க வரமாட்டீங்க?” என்றாள் நெபியா.

“எப்படி வராம இருக்கறது? முன்வரிசையில இடம் போட்டிருக்காங்க. ஊர்ப் பெரிய மனுஷங்கல்லாம் வர்றாங்க.”

தம்பி அடிபடுவதைப் பார்த்தால் மானம் போகும். பெரிய மனிதர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் போகாது. இந்த மானம் எங்கே விற்கிறது என்று கேட்க நெபியாவுக்கு நாக்கு துறுதுறுத்தது. கேட்கவில்லை. இன்று மிலூத்தின் காதில் சண்டைச் சத்தம் வேண்டாம். பிற்பகலில் வேண்டிய அளவு இருக்கும்.

லக்தர் போன பிறகு மிலூத் ஒரு ஸ்ஃபெஞ்சை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தான்.

“ரொம்ப எண்ணெய்.”

“பலகாரமா, உங்க அண்ணனா?”

மிலூத் சிரித்துவிட்டான். அன்று காலை அந்த வீட்டில் கேட்ட ஒரே சிரிப்பு அதுதான்.

டிவிக்காரர்கள் வசதிக்காகச் சண்டை பிற்பகலிலேயே. துறைமுகத்துக்கு மேலே இருந்த அந்த அரங்கில் ஆண்கள் மூச்சு விட இடமில்லாமல் அடைந்து கிடந்தார்கள். புகை பிடிக்கக் கூடாது என்ற பலகைக்குக் கீழே நின்றே புகை விட்டார்கள். பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். அதில் இரண்டு பேர் முன்வரிசையில், மிலூத்தின் மூலைக்கு அடியிலேயே. ஒருத்தி நெபியா. இன்னொருத்தி லக்தரின் மனைவி கைரா.

கைராவைப் பற்றி நெபியாவுக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. லக்தர் தும்மினால் கைரா மூக்கைத் துடைத்துக்கொள்வாள். முழங்கைவரை வளையல், மடியில் பூசணி விதைப் பொட்டலம். கொறித்துக்கொண்டே இருந்தாள்.

“பயமா இருக்காடீ?”

“இல்லக்கா.”

“எனக்கு இருக்கு” என்று சொல்லி இன்னொரு விதையைக் கடித்தாள்.

கைராவுக்கு அந்தப் பக்கம் லக்தர், இஸ்திரி போட்ட கோட்டில். பின்னால் இருந்த பெரிய மனிதர்களிடம் கழுத்தைத் திருப்பித் திருப்பிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஸுபீர் தங்க நிற அரைக்கால் சட்டையில் வந்தான். இருபத்துநாலு வயது, எண்ணெய் தடவிய குதிரை மாதிரி உடம்பு. மேடையேறியதும் மிலூத்தின் பக்கம் பார்க்கவே இல்லை. கேமராவைப் பார்த்துக் கொட்டாவி விட்டான். கூட்டம் அதற்கே கைதட்டியது.

முதல் சுற்று முழுக்க அவன் கைகளைத் தொங்கவிட்டு முகத்தை நீட்டினான்.

“அடி தாத்தா! இந்தா, இங்க அடி!”

மிலூத் அடித்தான். முகம் அங்கே இல்லை. மறுபடி அடித்தான். காற்றுதான் கிடைத்தது. அரங்கம் சிரித்தது. மாடிப்படி ஏறினால் மூச்சிரைக்கும் தொந்திக்காரர்களெல்லாம் எழுந்து நின்று, எப்படிக் குத்த வேண்டும் என்று மிலூத்துக்குக் கையால் பாடம் நடத்தினார்கள். இதே ஆட்கள்தான் ஒரு காலத்தில் அவனைத் தொட்டுப் பார்க்க வீட்டு வாசலில் நின்றவர்கள். ஒருவன் முகம்கூட நெபியாவுக்கு ஞாபகம் இருந்தது. அவர்கள் வீட்டில் காபி குடித்து, சர்க்கரை கம்மி என்று சொல்லிவிட்டுப் போனவன்.

இரண்டாவது சுற்றில் ஸுபீரின் இடது கை எங்கிருந்து வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. மிலூத் உட்கார்ந்த வாக்கில் தரையில் இருந்தான்.

“அதே சுற்று!” என்று யாரோ கத்தினான். “கடிகாரம் மாதிரி விழறான்யா!”

நெபியாவின் வலது கால் தரையை அழுத்தியது. டிரைவிங் ஸ்கூல் காரில் அவள் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்ள வருகிறவன் சுவரைப் பார்த்துப் போனால் அவள் அழுத்தினால் போதும், வண்டி நிற்கும். இங்கே வெறும் சிமென்ட் தரை.

நடுவர் எட்டு என்று எண்ணும்போது மிலூத் எழுந்தான். மணி அடிக்கும்வரை ஸுபீரைக் கட்டிப் பிடித்துத் தொங்கினான்.

நான்காவது சுற்றில் மறுபடி விழுந்தான். இந்தத் தடவை இடது புருவம் கிழிந்தது. எழுந்தபோது பாதி முகம் ரத்தம்.

“தாத்தாவை வீட்டுக்கு அனுப்பு! தாத்தாவை வீட்டுக்கு அனுப்பு!” கூட்டம் காலால் தாளம் போட்டுப் பாட ஆரம்பித்தது.

ஐந்தாவது சுற்று நடக்கும்போதே லக்தர் எழுந்தான். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டான். பின்வரிசைக்குக் கேட்கும்படி சொன்னான்.

“சொன்னேன், கேக்கல. கூடப் பிறந்த பாவத்துக்கு நான் என்ன செய்ய? கைரா, எழுந்திரு. போகலாம்.”

கைரா கொறிப்பதை நிறுத்தினாள்.

“எனக்குக் கால் மரத்துப் போச்சு. நீங்க போங்க.”

“என்னது?”

“கால் மரத்துப் போச்சுன்னேன். காது அடைச்சிருக்கா?”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவனிடம் அப்படிப் பேசி நெபியா கேட்டதில்லை. லக்தரும் கேட்டதில்லை போலிருக்கிறது. பிறகு, நெஞ்சு தாங்காத அண்ணன் மாதிரி நெற்றியில் கைவைத்துக்கொண்டு, வழியில் இரண்டு பேரிடம் தலையை ஆட்டி அனுதாபம் வாங்கிக்கொண்டு வெளியே போனான்.

மணி அடித்தது. மிலூத் தன் மூலைக்கு வந்து ஸ்டூலில் விழுந்தான். பயிற்சியாளர் கதூர் புருவத்தை அழுத்திப் பிடித்தார். எல்லாரும் ஓடிப்போன இரண்டு வருஷமும் விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் மிலூத்தோடு சைக்கிளில் வந்த ஒரே மனிதர் அவர். டாக்டர் எட்டிப் பார்த்து, இன்னும் ஒரு சுற்று பார்க்கலாம் என்று விரலைக் காட்டிவிட்டு நகர்ந்தார்.

கதூர் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டைக் கையில் எடுத்தார். மேடைக்குள் எறிந்தால் சண்டை முடிந்தது. எறியாமல், கீழே நெபியாவைப் பார்த்தார்.

“என்ன மகளே?”

சத்தத்தில் குரல் கேட்கவில்லை. உதடு தெரிந்தது.

இதோ பிரேக். அழுத்தினால் போதும். இவனைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிப் போகலாம். நாளைக்கு லாரியில் பக்கத்தில் உட்கார்ந்து எவனுக்காவது கியர் மாற்றச் சொல்லிக் கொடுப்பான்.

நெபியா மிலூத்தைப் பார்த்தாள். அவன் எதிர் மூலையைப் பார்க்கவில்லை. ஒரு கண்ணால் முன்வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கைராவுக்குப் பக்கத்தில் அந்தக் காலி நாற்காலி. கிழிந்த உதட்டோடு மிலூத் சிரித்தான்.

பின்னால் இன்னும் பாடிக்கொண்டிருந்தார்கள். வாசலில் லக்தர் இந்நேரம் எவன் தோளிலாவது சாய்ந்து பெருமூச்சு விட்டுக்கொண்டிருப்பான். நாளைக் காலை பலகாரத்தோடு வருவான். “நான் அப்பவே சொன்னேன்” என்பான். நெபியாவுக்குப் பயம் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பாட்டின் மேலும் அந்தக் கோட்டின் மேலும் இருந்த அருவருப்பு அதைவிடப் பெரிதாக இருந்தது.

வேண்டாம் என்று தலையசைத்தாள்.

கதூர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

ஆறாவது சுற்றில் மிலூத் விழவில்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும். முகத்தை விட்டுவிட்டான். ஸுபீர் நெருங்கி வரும்போதெல்லாம் விலாவில் ஒன்று கொடுத்தான். பார்க்க அழகில்லாத குத்து. கூட்டம் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. முதல் சுற்றிலிருந்தே இடையிடையே அவன் அதைச் செய்துகொண்டுதான் இருந்தான் என்பதையும் யாரும் கவனிக்கவில்லை.

ஏழாவது சுற்றில் ஸுபீர் கயிற்றோரம் நின்று கூட்டத்துக்கு ஒரு முத்தம் பறக்கவிட்டான். அந்தக் கை உதட்டிலிருந்து திரும்புவதற்குள் மிலூத்தின் இடது கை விலாவுக்குக் கீழே புதைந்தது.

ஸுபீர் சிரித்தான். ஆனால் வாய் மட்டும்தான் சிரித்தது. அதன் பிறகு அவன் வலது முழங்கை கீழேயே இருந்தது. விலாவோடு ஒட்டிக்கொண்டது.

“அக்கா, பார்த்தீங்களா? கை கீழ வந்துடுச்சு” என்றாள் நெபியா.

“அதுக்கு என்ன?”

“முகம் திறந்து கிடக்கு.”

எட்டாவது சுற்றில் அந்தத் திறந்த முகத்தில் மிலூத்தின் கைகள் இறங்கின. ஒன்று, உடனே இன்னொன்று. எண்ணெய்க் குதிரை பின்னால் நடந்தது. கொட்டாவி விட்ட வாய் மூச்சுக்குத் திறந்தது. பாட்டு நின்றது. பிறகு அரங்கின் மேல் மூலையில் ஒருத்தன் “மிலூத்!” என்று ஒரு தடவை கத்திப் பார்த்தான். யாரும் அவனை அடக்கவில்லை என்று தெரிந்ததும் பத்துப் பேர் கத்தினார்கள். அப்புறம் எல்லாரும்.

“தூ” என்றாள் நெபியா.

ஒன்பதாவது சுற்று. மிலூத் முகத்துக்குக் குத்துவது போலத் தோளை அசைத்தான். ஸுபீர் இரண்டு கைகளையும் முகத்துக்குத் தூக்கினான். மிலூத்தின் இடது கை அவன் வயிற்றின் வலது பக்கத்தில், கல்லீரலின் மேல் போய் உட்கார்ந்தது. ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. ஸுபீர் நின்றான். ஏதோ ஞாபகம் வந்தவன் போல ஒரு அடி எடுத்து வைத்தான். பிறகு முழங்காலில் இறங்கி, நெற்றியைத் தரையில் வைத்தான்.

நடுவர் எண்ணினார். அவன் எழவில்லை. எழுந்திருக்க முயற்சிகூடச் செய்யவில்லை.

நெபியா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கைரா அவள் தோளைக் கட்டிக்கொண்டு அழுதாள். மடியிலிருந்த விதைகளெல்லாம் தரையில் சிதறிக் கிடந்தன. “கால் மரத்துப் போச்சு, கால் மரத்துப் போச்சு” என்று அழுகையோடு சிரித்தாள். இவளைப் பற்றி இத்தனை வருஷம் தப்புக் கணக்குப் போட்டுவிட்டோமே என்று நெபியாவுக்குத் தோன்றியது. வளையல்கள் கழுத்தில் அழுந்தின. விலகவில்லை.

அப்போதுதான் லக்தர் வந்தான்.

நாற்காலிகளுக்கு நடுவே முட்டி மோதிக்கொண்டு, காவலாளியைத் தள்ளிவிட்டு, கயிற்றுக்கு இடையே நுழைந்து மேடையேறினான். கோட்டுப் பொத்தான் ஒன்று தெறித்தது. குனிந்து தம்பியின் தொடைகளுக்கு நடுவே தலையைக் கொடுத்து, அவனைத் தோளில் தூக்கிக்கொண்டான்.

“என் ரத்தம்!” என்று கேமராவைப் பார்த்துக் கதறினான். “என் ரத்தம்யா இது! எனக்குத் தெரியும்! ஒரு நிமிஷம்கூட நம்பிக்கையை விடல!”

கைரா மூக்கைச் சிந்தினாள்.

“பாருடீ அழுகையை. எங்க கல்யாணத்தப்பகூட இவ்வளவு அழல.”

மிலூத் இறங்கவில்லை. அண்ணன் தோளில் நிமிர்ந்து உட்கார்ந்து, உடம்பின் பாரத்தையெல்லாம் கீழே விட்டான். லக்தரின் முழங்கால் நடுங்கியது. ஒரு சுற்று வந்ததும் இறக்கிவிடப் பார்த்தான். மிலூத் அவன் தலையில் தட்டி, இன்னொரு சுற்று என்று விரலைக் காட்டினான். ஒரு சுற்று முடிந்ததும் இன்னும் ஒன்று.

உடைமாற்றும் அறையில் பதினைந்து பேர் இருந்தார்கள். ஆளுக்கு ஒரு கையால் மிலூத்தைத் தொட்டுக்கொண்டு, மறு கையால் போனில் படம் எடுத்தார்கள். சர்க்கரை கம்மி என்று சொன்னவனும் இருந்தான்.

நெபியா கதவைத் திறந்து பிடித்தாள்.

“வெளிய.”

“தங்கச்சி, ஒரே ஒரு போட்டோ…”

“தாத்தா களைச்சுட்டாரு. வெளிய போ.”

போனார்கள். லக்தர் மட்டும் நின்றான். தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

“தம்பி, கடைக்குப் போன் பண்ணிட்டேன். உன் படத்தைத் திரும்ப மாட்டச் சொல்லிட்டேன். பழசு வேண்டாம், இன்னைக்கு எடுத்ததைப் பெரிசு பண்ணி மாட்டறோம். நானும் நீயும் இருக்கற மாதிரி.”

மிலூத்தின் இடது கண் முழுதாக மூடியிருந்தது. இரண்டு கைகளும் பனிக்கட்டி வாளிக்குள். மென்மையாகத்தான் பேசினான்.

“செய்ங்கண்ணே. ஆனா அந்த ஃபுட்பால் போஸ்டரைக் கிழிச்சுடாதீங்க. பத்திரமா சுருட்டி வைங்க. எப்ப வேணும்னாலும் தேவைப்படும்.”

லக்தர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டான். நெபியா இன்னும் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கம் பார்க்காமல் அதன் வழியே போனான்.

நெபியா வந்து எதிரே பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒரு துணியில் பனிக்கட்டியைச் சுற்றி அவன் கண்ணில் வைத்தாள்.

“கதூர் துண்டை எடுத்தப்ப நீ வேண்டாம்னு தலையாட்டினியாமே” என்றான்.

“ஆமா.”

“ஏன்?”

“அந்த நாற்காலி காலியா இருந்துச்சு.”

“நானும் அதைத்தான் பார்த்தேன்.” சிரித்தான், உதடு வலித்து நிறுத்தினான். “விழும்போதெல்லாம் அவன் முகம் தெரிஞ்சுது நெபியா. பாவம் பார்க்கற மாதிரி மூஞ்சியை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தான். அவன் போனதுக்கப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.”

இரண்டு வருஷத்தில் அவன் அண்ணனைப் பற்றி இவ்வளவு பேசியதில்லை. பெட்டி இறக்கிய நாட்களில் அவனுக்கு ரோஷமே இல்லையோ என்று அவள் சந்தேகப்பட்டதுண்டு. அவனைக்கூட ஏளனமாக நினைத்த நாட்கள் உண்டு. அவள் மற்றொரு கையால் அவன் பிடரியைப் பிடித்துக்கொண்டாள். வியர்வை இன்னும் சூடாக இருந்தது.

“நாளைக்கு முதலாளிகிட்ட ஒரு வாரம் கழிச்சு வர்றேன்னு சொல்லிடறேன். இந்தக் கண்ணோட லாரியில ஏறினா சொல்லிக்கொடுக்க வந்தவன்னு நம்பமாட்டாங்க, லாரி மோதினவன்னு நினைப்பாங்க” என்றான் மிலூத்.

கதவு திறந்தது. கதூர். முகத்தில் வெற்றி பெற்ற களை இல்லை.

“மகளே, வெளிய உங்க மச்சான் டிவிக்காரங்ககிட்ட பேசினான். ஸுபீரோட ஆளுங்க மறுபடி மோதணும்னு கேக்கறாங்களாம். இவன் சரின்னுட்டான். ‘என் தம்பி தயார்’னு கேமராவுக்கு முன்னாடியே சொல்லிட்டான்.”

நெபியா வாய்விட்டுச் சிரித்தாள்.

“சொன்னவரே போய் மோதட்டும். கையுறை வேணும்னா நான் மாட்டிவிடறேன். என்ன மிலூத்?”

கதூர் சிரிக்கவில்லை. அவர் மிலூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெபியாவும் திரும்பினாள்.

மிலூத் வாளியிலிருந்து வலது கையை வெளியே எடுத்திருந்தான். வீங்கிய விரல்களை மெதுவாக மடக்கினான், விரித்தான், மறுபடி மடக்கினான்.

“எந்த மாசம்னு சொன்னான்?” என்றான்.